ஒழுக வேண்டிய கூரை

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ரகரமும் பெரிய றகரமும் எனக்கு இன்றுவரை பங்காளிச் சண்டைக்காரர்கள்தான். வீட்டில் கேட்டு எழுதலாம் என்றால் பிள்ளைகள் இரண்டும் மலையாளத்தில் படித்தவை. எங்கள் தெருத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எதையாவது எழுதிக்கொடு என்று செயலாளர் அண்ணன் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்துப் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். காகிதம் திருப்பிக் கேள்வி கேட்காது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். பிழைகளை அண்ணன் திருத்திக்கொள்வார்.

நான் மட்டாஞ்சேரியில் பந்தல் போடுகிறவன். கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம், கோயில் விசேஷம், பள்ளிவாசல் விருந்து என்று எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். பேச்சில் நான் மட்டம் என்றாலும் பந்தலில் யாரும் என்னைக் குறை சொன்னது கிடையாது. மிதுன மாத மழையில்கூட என் பந்தலுக்குக் கீழே மணப்பெண்ணின் தலைப்பூ நனையாது.

இந்த வருஷம் மழை இன்னும் விடாத நேரத்தில் ஜூதத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் சொல்லியனுப்பினார். யூதர்களை இங்கே ஜூதர் என்பார்கள். அந்தத் தெருவில் இருந்த ஜூதக் குடும்பங்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. இவர் போகவில்லை. மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகு தனியாக இருக்கிறார். ஒரே மகள் கல்யாணமாகி இஸ்ரேலில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கிறாள்.

"எடோ, எங்க குடில் பெருநாள் வருது. முற்றத்துல ஒரு சின்னக் குடில் வேணும்" என்றார் பெரியவர். "மோளும் மருமகனும் பிள்ளைகளும் வர்றாங்க. அத்தனை நாளும் அதுக்குள்ளதான் சாப்பாடு. போன வருஷம் என்னால குடில் கட்ட முடியல, அவங்களும் வரல. மருமகன் வேதச் சட்டம் பாக்குற ஆளு. குடில் சரியில்லேன்னா ஒரு வாய் ரொட்டி தின்னமாட்டான், கேட்டோ?"

நான் தலையாட்டினேன்.

"எங்க பழைய ஆளுங்க அடிமை நாட்டைவிட்டு ஓடிவந்து பாலைவனத்துல குடில் போட்டுத் தங்கினாங்க. அந்த ஞாபகத்துக்குத்தான் இது. கூரை ஓலையில இருக்கணும். ஆகாசம் தெரியணும். ராத்திரி நட்சத்திரம் தெரியணும். புரிஞ்சுதோ?"

அதற்கும் தலையாட்டினேன். மழைக்காலத்தில் ஆகாசம் தெரிந்தால் சோற்றில் தண்ணீர் விழாதா என்று கேட்க நினைத்தேன். கேள்வி தொண்டை வரை வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வயதானவர்கள் மனைவி போனபிறகு நட்சத்திரம், நிலா என்று பேசுவது உண்டு, அப்படி ஏதோ பேசுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. "மழைக்காலத்துல ஓட்டைப் பந்தலா? சரியாக் கேட்டுக்கிட்டீங்களா?"

"ம்."

"என்ன ம்? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

கமுகு மரக் கழிகளை நட்டேன். பக்கங்களுக்கு வெள்ளைத் துணி கட்டினேன். இடக்கொச்சியிலிருந்து முடைந்த கீற்று வாங்கிவந்து இரண்டு அடுக்காக வேய்ந்தேன். பாவம், எவ்வளவோ தூரத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், சாப்பிடும்போது நனைய வேண்டாமே என்று, இரண்டு அடுக்குக்கும் நடுவில் என் சொந்த நீலத் தார்ப்பாயை விரித்து மறைத்துவைத்தேன். கீழிருந்தோ மேலிருந்தோ பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கெல்லாம் தனிக் கை வேண்டும்.

பெரியவர் வந்து அண்ணாந்து பார்த்தார். கண்ணில் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "எல்லாம் ஞான் சொன்ன மாதிரிதானே?" என்றார்.

தலையாட்டினேன். என் தலைக்கு அது ஒன்றுதான் தெரியும்.

பெருநாள் அன்று சாயங்காலம் சூரியன் மறைந்ததும் ஆரம்பம். அதற்குப் பிறகு அவர்கள் எந்த வேலையும் செய்யக்கூடாது, வண்டியிலும் ஏறக்கூடாது. மதியத்துக்குமேல் ஏணியை எடுக்கப் போனேன். மகள் குடும்பம் வந்திருந்தது. பிள்ளைகள் கூரையிலிருந்து காகித வளையங்களும் எலுமிச்சம்பழமும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. எல்லாரும் குடிலுக்குள் நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை.

நான் பாராட்டுக்குத் தயாராகி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருமகன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவர் இஸ்ரேலிலேயே பிறந்தவர். மலையாளம் தாய் தகப்பன் பேசிக் கேட்டதுதான். "மழை... உள்ளே... வரலை" என்றார்.

"வராது சார்! உறுதியா வராது!" என்றேன். நானாக வாய் திறந்து பேசியது வருஷத்துக்கு ஒருமுறை. அந்த ஒருமுறையும் இப்படிப் போய்விட்டது.

"வரணும்!" என்று கத்தினார் அவர். ஏணியில் ஏறினார். கீற்றை விலக்கினார். நீலம் தெரிந்தது.

"பப்பா, உள்ள தார்ப்பாய் இருக்கு!" என்றாள் மகள். மழை பெய்தால் உள்ளே வர வேண்டும், வராவிட்டால் அது குடில் இல்லை, வீடு என்று எனக்கு விளக்கினாள். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

மருமகன் போன் எடுத்தார். எர்ணாகுளத்தில் வெளிநாட்டு ஜூதர்கள் கட்டிய ஒரு குடில் இருக்கிறதாம். சூரியன் மறைவதற்குள் எல்லாரும் அங்கே போய்விடலாம் என்று டாக்சி கூப்பிட்டார்.

"நீங்க போய்க்கோ" என்றார் பெரியவர். "ஞான் என் முற்றத்தை விட்டு எங்கேயும் வரல." சொல்லிவிட்டு, பேத்தி கட்டிய காகித வளையம் ஒன்று அவிழ்ந்திருந்ததை மறுபடி கட்டப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்கு முடிச்சு பிடிபடவில்லை.

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. "தார்ப்பாயை இழுத்துடறேன் சாரே, ஒரு நிமிஷம்" என்றேன்.

மருமகன் பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். போதாதாம். தார்ப்பாய்க்கு மேல் போட்ட ஓலை, கூரைக் கணக்கில் வராது. எல்லா ஓலையையும் தூக்கி எடுத்துவிட்டுத் திரும்பப் புதிதாக வைக்க வேண்டும். எனக்குத் தண்டனை கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். "இல்ல சேட்டா, தார்ப்பாயை உருவினதும் தானா ஆன கூரை செல்லாது. செஞ்ச கூரைதான் செல்லும்" என்றாள் மகள்.

மழை நின்றிருந்தது. வெயில் சுவரின் உச்சிக்குப் போய்விட்டது. நான் மேலே ஏறினேன். மகள் ஓலையை வாங்கினாள், பிள்ளைகள் இழுத்துப் போட்டார்கள். எதிர்க்கடையில் பழைய சாமான் விற்கிற சேட்டன் சிரித்துக்கொண்டே வந்தார். தெருவில் போன வெள்ளைக்காரர்கள் போனில் படம் பிடித்தார்கள்.

"எடா, கூரை ஒழுகுதுன்னு ஏச்சு வாங்கினவனைக் கண்டிருக்கேன். ஒழுகலேன்னு வாங்கினவன் நீ ஒருத்தன்தான்!" என்றார் கடைக்காரர். சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி ஏணியைப் பிடித்தார்.

கஷ்டம் என்னவென்றால் என் கை சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு கீற்றை வைத்தால் அடுத்தது தானாகப் போய் அதன் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. "இடைவெளி! இடைவெளி!" என்று கீழிருந்து மருமகன் கத்துகிறார். கொஞ்சம் அதிகமாக விட்டால், "ஐயோ, இவ்ளோ வேண்டாம்! நிழல் கூடுதல் வேணும், வெயில் கம்மி!" என்கிறார். ஒழுகவும் வேண்டும், ஓட்டையாகவும் இருக்கக் கூடாது. இப்படி ஒரு கணக்கை எந்தக் கல்யாண வீட்டிலும் நான் கேட்டதில்லை.

டாக்சி வந்து ஹாரன் அடித்தது. யாரும் திரும்பவில்லை. திட்டுவதற்கென்று டிரைவர் உள்ளே வந்தார். பெரியவர் கீற்றைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தள்ளாடுவதைப் பார்த்ததும், "இங்க தாங்க அப்பச்சா" என்று பிடுங்கி எனக்கு நீட்டினார். கடைசிக் கீற்றுவரை அவர்தான் நீட்டினார்.

நான் இறங்கினேன். மருமகன் உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். சல்லடை மாதிரி இருந்தது. என் தொழிலுக்கே அவமானம். அவர் என் தோளில் தட்டினார். டாக்சியைத் திருப்பி அனுப்பினார்.

மகள் விளக்கு ஏற்றினாள். எல்லாரும் குடிலுக்குள் உட்கார்ந்தார்கள். வாசலில் நின்றவனையும் பெரியவர் விடவில்லை. ஓரத்தில் ஒரு நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டுப்போல ஏதோ சொல்லி, ரொட்டியைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். மருமகன் வாயில் போட்டதைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்த்தார். மீன் கறி வந்தது. கூடவே மழையும் வந்தது. முதல் சொட்டு மருமகனின் மூக்கில் விழுந்தது.

"வந்தாச்சு!" என்று அவர் கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. மருமகன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கறியில் மழை விழுந்தால் வீட்டுக்குள் போய்ச் சாப்பிடலாம், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். பிள்ளைகள் அவருக்கு முன்னால் ஓடினார்கள்.

இதற்கு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்போ இவ்வளவும் எதுக்கு சாரே?" என்று கேட்டேவிட்டேன்.

"ஒழுகினா எழுந்து போகலாம். ஒழுகாததுல உக்காரவே கூடாது" என்றார் பெரியவர். எழுந்திருக்கவில்லை. மகளும் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பப்பா, கறி தண்ணியாப் போச்சு."

"இருக்கட்டும் மோளே. போன வருஷம் தனியாத் தின்னப்போ நல்ல கெட்டியாத்தான் இருந்துச்சு."

நான் சத்தமில்லாமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மட்டாஞ்சேரி, நவம்பர் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.