சைக்கிளில் சுற்றிய பாட்டு

நேற்று நெளுக்குளத்தில் ஒரு கலியாண வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டதும், டைனமோ உரசிச் சூடேறிய டயரின் மணம் எங்கிருந்தோ வந்து என் மூக்கில் ஏறியது.

பற்றரிக்குக்கூடத் தடையிருந்த யுத்த காலம். வட்டக்கச்சியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் கசெற்றில் அந்தப் பாட்டு ஓட, அக்கா கிற்றார்த் தந்திகளைக் கீழே இரண்டு, மேலே ஒன்று என்று வருடி அதன் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாள். என் கை சோரச்சோரப் பாட்டு இழுபடும், அவளுடைய கையும் கூடவே மெதுவாகும்.

“சரியான சோகப் பாட்டு, என்னடி?” என்பாள்.

“ஓம்” என்பேன், களைப்பில்.

அந்த வேகத்திலேயே பழகி, அப்படியே வாசித்து, இடம்பெயர்ந்த வழியில் ஷெல் விழுந்து செத்தும் போனாள்.

நேற்று இழுபடாமல் ஓடிய அந்தப் பாட்டுக்குப் பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஆடினார்கள்.

நான் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றியிருக்கலாம்.