பன்னிரண்டாம் தேதி, காலை ஏழு பத்து

கடிதம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கூலிக்காகப் பொய்க் கடிதமும் எழுதியிருக்கிறேன். ஆனால் கீழே இருப்பதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. நேரம் உட்பட. கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்தது.

1983 ஜூலை 11, திங்கட்கிழமை. தாராவியில் தபாலாபீஸை ஒட்டி என் மேசை. மாலை ஆறு நாற்பது. வானம் கறுத்திருந்தது. மழை இன்னும் விழவில்லை.

வெயிலுமுத்து வந்து எதிரே உட்கார்ந்தான். நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன விமானத் திடலில் ஹெல்பர். மாதம் ஒருமுறை ஊரில் இருக்கும் மனைவி பேராச்சிக்குக் கடிதம் எழுத வருவான். சுகம் விசாரித்ததும் விமானக் கதைதான். அந்தக் காலத்துக் காற்றாடி விமானங்கள் எப்படியெப்படி விழுந்தன என்று. பெட்ரோலில் தண்ணீர், இறக்கையில் பனி, ஒரே ஒரு போல்ட்...

"பொண்டாட்டிக்கு எழுதுற விஷயமாலே இது?" என்பேன்.

"அவளுக்குப் பிடிக்கும் அண்ணாச்சி. நீங்க எழுதுங்க" என்பான்.

அன்று சிரிக்கவில்லை. சட்டை முழுக்க ஈரம். பெட்ரோல் வாடை. கையில் ஒரு சிவப்புத் துணி சுற்றியிருந்தான்.

"எழுதுங்க அண்ணாச்சி. பன்னெண்டாம் தேதி காலையில ஏழு பத்துக்கு எங்க விமானம் விழுந்துட்டு."

12-7-83 என்று எழுதினேன்.

"பைலட்டு தப்பு இல்ல. என் தப்பு. வால் கட்டையை நான் எடுக்கல."

வால் கட்டை பற்றி முன்பே சொல்லியிருக்கிறான். நிறுத்தி வைத்த விமானத்தின் வால் துடுப்பு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க மாட்டும் கட்டை. ஞாபகத்துக்காக அதில் சிவப்புத் துணி தொங்கும். எடுக்காமல் கிளப்பினால் மூக்கை இறக்க முடியாது. செங்குத்தாக ஏறி, அப்படியே விழும்.

"கட்டையில துணி இல்ல. அதான் கண்ணுல படல. ரெண்டு பேரு போயிட்டாங்க."

"யாரு யாரு?"

"பைலட்டு."

"இன்னொருத்தர்?"

கையில் சுற்றியிருந்த சிவப்புத் துணியையே பார்த்தான். காற்றே இல்லை. ஆனால் மேசைமேல் இன்லண்ட் கடிதத் தாள்கள் படபடத்தன.

அப்போதுதான் தேதியைக் கவனித்தேன். இன்று பதினொன்று. சின்ன வயதில் கடம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம்: நடந்ததற்கு வரப்போகும் தேதி போடக் கூடாது. போன மாதத்தைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். ஏழு என்பதை அடித்து ஆறு ஆக்கினேன். 12-6-83.

எழுதி முடித்தால் வாசித்துக் காட்டுவேன். ஆள் 'சரி' என்ற பிறகுதான் ஒட்டுவேன். அன்றும் வாசித்தேன். ஜூன் பன்னிரண்டு என்றபோது அவன் கண் நிறைந்தது.

"மாத்திட்டியளே அண்ணாச்சி..."

'சரி' என்று சொல்லவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் உட்கார்ந்த ஸ்டூலைத் தொட்டேன். காய்ந்திருந்தது.

மனசு கேட்கவில்லை. ஏழு இருபதுக்கு அவன் அறைக்குப் போனேன். கூட இருக்கும் மன்சூர் அலி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"வெயிலு எங்கப்பா?"

"நேத்துப் போனவன் இன்னும் வரல. டபுள் டூட்டி. நாளைக்கு மத்தியானம் வருவான்."

"இப்பத்தான் என்கிட்ட வந்து லெட்டர் எழுதிட்டுப் போறான்."

"சாயங்காலமே ஊத்திக்கிட்டியளா அண்ணாச்சி?"

"போன மாசம் அங்க விமானம் ஏதும் விழுந்துச்சா?"

கத்தி நின்றது. "இல்லையே."

அப்படியென்றால்... பன்னிரண்டு, நாளை.

எட்டு ஐந்து. மருந்துக்கடை போனில் திடலின் நம்பரைச் சுற்றினோம். யாரோ எடுத்தார்கள்.

"வெயிலுமுத்துவைக் கூப்பிடுங்க..."

மறுமுனையில் விமானக் காற்றாடி சுற்றும் சத்தம். ட்ர்ர்ர்ர்... ஏறிக்கொண்டே போனது. சட்டென்று நின்றது.

அதே நேரம் மழை பிடித்தது. போன் செத்துவிட்டது.

தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் இல்லை. பஸ் இல்லை. டாக்சிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

இரவெல்லாம் அலைந்தும் வண்டி கிடைக்கவில்லை. காலை ஐந்தரைக்கு மழை விட்டதும் இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தோம். ஆறு ஐம்பதுக்கு பக்கத்திலிருக்கும் மாஹிம்கூடத் தாண்டவில்லை.

ஏழு ஐந்து.

ஏழு எட்டு.

ஏழு பத்து.

மன்சூர் என் கையைப் பிடித்தான். எங்கோ தூரத்தில்... ட்ர்ர்ர்ர்...

நின்றது.

இரண்டு பேர். பைலட். சாமானோடு ஏறியிருந்த வெயிலுமுத்து.

விசாரித்தவர்கள் சொன்னார்கள்: வால் கட்டை மாட்டியபடியே இருந்தது. அதில் சிவப்புத் துணி இல்லை. திங்கட்கிழமை முழுக்க அவன் திடலை விட்டு வெளியே போகவில்லை என்று வாட்ச்மேன் எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துப் பேராச்சி வந்தாள். மடியிலிருந்து ஓர் இன்லண்டை எடுத்து நீட்டினாள். என் கையெழுத்து. அடித்துத் திருத்திய அதே 12-6-83.

"எப்பம்மா வந்தது?"

"திங்கக்கிழமை மத்தியானம்."

திருப்பிப் பார்த்தேன். அவள் ஊர்த் தபாலாபீஸ் முத்திரை. 11-7-83.

திங்கள் மாலை ஆறு நாற்பதுக்குத்தான் நான் அதை எழுத ஆரம்பித்தேன்.

அவளுக்கு அது தெரியாது. அவள் கேட்டது வேறு.

"ஜூன் மாசம்னு எங்க ஊரு டீச்சர் வாசிச்சாவ. முடிஞ்ச கதை, ஆளு நல்லாத்தான இருக்காருன்னு இருந்துட்டேன். நாளைக்குன்னு இருந்திருந்தா அன்னைக்கே தந்தி அடிச்சிருப்பேனே அண்ணாச்சி... அந்தத் தேதியை யாரு அடிச்சது?"