மானாவில் ரெண்டு கிளாஸ் தேத்தண்ணி

முதலே சொல்லிப்போடுறன், எனக்கு உந்தப் பேய், ஆவி ஒண்டிலயும் நம்பிக்கை இல்லை. ஊரில சனம் சுடலைக்குப் பயந்து சுத்திப் போகேக்க நான் குறுக்கால சைக்கிளில போனவள். உங்கட முகத்தைப் பார்க்கவே தெரியுது, நீங்கள் நம்பப் போறேல்லை. பரவாயில்லை, கேளுங்கோ.

தொண்ணூறுகளின்ர நடுவில, நான் ரொறன்ரோவில, வோபர்ன் பக்கம் ஒரு பேஸ்மென்ற் அறையில தனிய இருந்தனான். மிசிசாகாவில, பிளேனுக்குச் சாப்பாடு கட்டுற இடத்தில வேலை. என்ர மனுசனை ஊரில ஒரு சுற்றிவளைப்பில ஆமி பிடிச்சுக்கொண்டு போனது, அதுக்குப் பிறகு ஆள் இருக்கோ இல்லையோ ஒரு தகவலும் இல்லை. அதால நான் பொட்டை அழிக்கேல்லை, தாலியைக் கழட்டேல்லை. கலியாண வீட்டுக்குப் போனால் ஆலாத்தி எடுக்க என்னைக் கூப்பிடுறதோ விடுறதோ எண்டு சனம் முழிக்கும். உதும் ஒரு சீவியமே?

அஜக்ஸில இருக்கிற என்ர அக்காதான் சொன்னவ, "எடியே, இனியும் காத்திருந்து என்னத்தைக் காணப்போறாய்? பத்ரிநாத்தில ஆத்தங்கரையில பிண்டத்தைப் போட்டு அந்தாளை அனுப்பிவிடு. நீயும் உன்ர பாட்டைப் பார்" எண்டு. பொம்பிளை போடலாமோ எண்டு கேட்டன். அங்கத்தை ஐயர் மூலமாப் போடலாமாம், அதையும் விசாரிச்சு வைச்சிருந்தவ. என்ர நல்லதுக்குத்தான் சொன்னவ. ஆனா உயிரோட இருக்கிற மனுசனுக்குப் பிண்டம் போட்டால் அது அவரை நானே சாக்காட்டினமாதிரி இல்லையோ? அந்த யோசினையோடதான் இங்கத்தைக் கோயில் ஆக்களோட சேர்ந்து பத்ரிநாத்துக்குப் போனன்.

பிண்டம் போடுறதுக்கு முதல்நாள் பகல், கூட வந்தவை எல்லாரும் மூச்சு முட்டுதெண்டு போர்த்துக்கொண்டு படுத்திட்டினம். எனக்கு அறைக்குள்ள இருக்கேலாமல் கிடந்தது, தனிய வெளிக்கிட்டன். பத்ரிநாத்துக்கு அங்கால மானா எண்டொரு கடைசிக் கிராமம். அங்க ஒரு தேத்தண்ணிக் கடையில இருந்தன். கடைக்காரப் பொம்பிளை ரெண்டு கிளாஸ் கொண்டுவந்து, ஒண்டை எனக்கு முன்னால வைச்சா, மற்றதை எனக்குப் பக்கத்தில ஆளில்லாத வாங்குப் பலகையில வைச்சா. ஒண்டு போதும் எண்டு விரலைக் காட்டினன். அவ சிரிச்சுப்போட்டு உள்ள போயிட்டா. யாவாரத் தந்திரமாக்கும் எண்டு எரிச்சலோட ரெண்டையும் நானே குடிச்சன்.

கிராமம் தாண்டினால் வீடு வாசல் ஒண்டும் இல்லை. இடுப்பு முறிய நடந்தாலும் முடியாத புல்வெளி, நிலத்தோட ஒட்டின சின்னச் சின்ன மஞ்சள் பூ, அங்கால பனிமலை. என்ர மூச்சு எனக்கே கேக்குது. ரொறன்ரோவில இத்தனை சனத்துக்குள்ள இருந்த தனிமை என்னைத் திண்டது. இங்க ஒருத்தரும் இல்லாத இடத்தில, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சுகமா இருந்தது.

அப்பதான் எதிர ஆடுகளைச் சாய்ச்சு ஓட்டிக்கொண்டு வந்த ஒராள் என்னை மறிச்சார். ஹிந்தியில என்னவோ சொல்லி, எனக்குப் பின்னால கையைக் காட்டி, நில்லு, மெதுவாப் போ எண்டு சைகை. அவற்ற முகத்தில எனக்கு ஏச்சு. கூட வாறவரை விட்டுட்டு இவள் ஓடுறாள் எண்ட மாதிரி. திரும்பிப் பார்த்தன். பனிப்புகார் மட்டும்தான்.

அவர் போயிட்டார். நான் ஒரு கல்லில இருந்தன். நம்பேல்லை, ஆனா இருந்தன். கொஞ்சத்தால வாயைத் திறந்து கதைக்கவே தொடங்கிட்டன். "எங்கையப்பா போனனீங்கள், ஒரு சொல் சொல்லி அனுப்பேலாதே, நான் என்ன செய்யிறது, போடுறதோ விடுறதோ" எண்டு வாயில வந்தபடி ஏசினன், குளறி அழுதன். புகார் வந்து காலைச் சுத்தினதோட குளிரத் தொடங்க, எழும்பித் திரும்பி வந்தன்.

கடையடியில அதே பொம்பிளை கம்பளி பின்னிக்கொண்டு நிண்டவ. எனக்குப் பின்னால எட்டிப் பார்த்துப்போட்டு, எங்க எண்டு கையை விரிச்சா. ஆர் எண்டு தமிழிலயே கேட்டுப்போட்டன். அவ கையில இருந்த வெள்ளைக் கம்பளியை எடுத்துத் தன்ர ரெண்டு காதடியிலயும் பிடிச்சுக் காட்டினா. பிறகு இடக்காலை இழுத்து இழுத்து, கடை முற்றத்தில ஒருக்கா நடந்து காட்டினா.

அடுத்தநாள் ஆத்தங்கரையில ஐயர் சோத்து உருண்டையை என்ர கையில தந்து செத்தவற்ற பேரைக் கேட்டார். அந்த ஹிந்தி மட்டும் விளங்கினது. உருண்டையைத் திருப்பி இலையில வைச்சுப்போட்டு எழும்பி வந்திட்டன். அக்கா கன காலம் என்னோட முகங்குடுத்துக் கதைக்கேல்லை.

மலையில காத்துக் குறைஞ்சால் மூளை இல்லாததெல்லாம் காட்டுமாம், இங்க டொக்டர் சொன்னவர். ஓம், காட்டட்டும். நான் ஒண்டையும் காணேல்லையே! கண்டது அங்கயே பிறந்து வளர்ந்த சனம். நம்பினால் நம்புங்கோ, விட்டால் விடுங்கோ. ஆனா என்ர மனுசனைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க அவருக்குத் தலையில ஒரு நரை இல்லை, பந்தடிக்கிற கால், ரெண்டும் நல்ல கால். நான் கண்ணால பார்த்துக்கொண்டு நிண்டனான், ஆமிக்காரரோட நேராத்தான் நடந்து போனவர். நீங்கள் படிச்சனீங்கள், நீங்களே சொல்லுங்கோ, செத்த ஆளுக்குத் தலை நரைக்குமே?