நாளன்னிக்குத்தான் நம்ம பாடு

1982, ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காட்டிலிருந்து முதல் பேருந்தில் பொன்னேரி. அங்கிருந்து ரயிலில் சென்னைக் கடற்கரை. சென்றவர்கள்: நைனா, தாய்மாமன், நான். நோக்கம்: படகில் வைத்துக் கேட்பதற்கு ஒரு வானொலிப் பெட்டி வாங்குதல். பார்த்தவை மூன்று, வாங்கியது ஒன்று. மாலையில் ஊர் திரும்பினோம். மழை இல்லை.

இந்தக் குறிப்பில் பிழை எதுவும் இல்லை. அன்று நடந்தவற்றுள் முதன்மையானது மட்டும் இதில் இல்லை.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலையிட முடியாது. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதை ஊர் கூடிச் சீட்டெடுத்து முறை வைக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். 'நாளைக்கு எங்க பாடு' என்று ஒருவர் சொன்னால், நாளை அந்த நீர் அவர்களுடையது என்று பொருள். அதற்கும் பாட்டுக்கும் உறவில்லை என்பதை வெளியூரிலிருந்து பெண் கொண்ட வீடுகளில் முதலில் விளக்கிச் சொல்வார்கள்.

முந்தைய ஐப்பசியில், எச்சரிக்கை அறியாமல் போன படகு ஒன்று காற்றில் கவிழ்ந்தது. ஆட்கள் பிழைத்தார்கள், வலை போயிற்று. அதன்பின் ஊர்க்கூட்டம் ஒரு கட்டுப்பாடு செய்தது. படகின் பின்புறம் நின்று கோல் பிடிப்பவரிடம் வானொலி இருக்க வேண்டும். வானிலைச் செய்தியை அவர் கேட்டுச் சொன்ன பிறகே படகு கிளம்ப வேண்டும். எங்கள் படகில் கோல் நைனாவுடையது. கோல் பிடிப்பவர்தான் படகுக்குத் தலைவர். அவர் சொல்லுக்கு மற்றவர்கள் வலை விடுவார்கள், இழுப்பார்கள். ஆனால் நைனாவிடம் வானொலி இல்லை. பெரியப்பாவின் மூத்த மகனிடம் இருந்தது. அந்த அண்ணனுக்குக் கோல்மீதும் ஒரு கண் இருந்தது. அடுத்த பாடு வருவதற்குள் பெட்டி வராவிட்டால் கோல் கைமாறும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஏழாம் வகுப்பில் முதல் மாணவன். மின்கலம் பற்றிய பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தேன். பெட்டி இலேசாக இருக்க வேண்டும், பேட்டரிக் கட்டை குறைவாகத் தின்ன வேண்டும், உப்புக் காற்று உள்ளே புகக்கூடாது, மத்திய அலை தெளிவாக எடுக்க வேண்டும் என்று ரயிலில் அடுத்த நிலையமான அனுப்பம்பட்டு வருவதற்குள் மாமாவுக்கு முழுப் பாடமும் நடத்திவிட்டேன். மாமா துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பல்களில் வந்து இறங்கும் பொருள்களைப் பற்றித் தமக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் அவருக்கு. அறிவில் சமமானவர்கள் என்று நாங்கள் இருவரும் கருதிக்கொண்டோம். நைனா சன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பர்மா பஜாரில் ஒரு கடையின் முன் நின்றோம். மாமா நேராக ஒரு டூ இன் ஒன்னிடம் போய்விட்டார். இரண்டு ஒலிபெருக்கிகளும் கைப்பிடியும் கேசட் போடும் வாயும் கொண்ட பெரிய பெட்டி.

"இது எடு மச்சான். ரேடியோவும் ஆச்சு, பாட்டும் ஆச்சு. கல்யாண வூட்ல வச்சா சும்மா ஷோக்கா இருக்கும்."

"படகுல யாருக்கு மாமா கல்யாணம்?" என்றேன்.

"பார்றா! உம் புள்ளைக்கு வாய் காது வரைக்கும் கீது மச்சான்."

கடைக்காரர் சிரித்துவிட்டு, தோல் உறை போட்ட நடுத்தரப் பெட்டி ஒன்றை எடுத்துத் திருகினார். ஏதோ ஒரு பாட்டு வந்தது. அதை நைனாவின் இடது தோளருகே தூக்கிப் பிடித்தார். தெருவில் கூட்டமும் இரைச்சலும் மிகுதியாக இருந்தன. நைனாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்.

"நைனா, பாடுதா?"

அவர் என்னைக் குனிந்து பார்த்து, தெளிவாகச் சொன்னார்:

"நாளன்னிக்குத்தான்டா நம்ம பாடு."

மாமாவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. "மெட்ராஸுக்கு வந்து பொட்டி காதாண்ட கத்துது, மச்சானுக்கு இன்னும் ஏரி நெனப்புதான்!" கடைக்காரருக்கு அதை விளக்க மாமா பாடுபட்டார், விளங்கியதும் அவரும் சிரித்தார். ஒரு கணம் கழித்து நைனாவும் சிரித்தார். எல்லோரையும்விடச் சற்று உரக்கச் சிரித்தார். பிற்பாடு ஊரில் இந்தக் கதையை அதிகம் சொன்னவரும் அவரே.

பிறகு அவர் அந்தப் பெட்டியைத் தாமே வாங்கி வலது காதில் வைத்தார். இடது காதில் வைத்தார். மறுபடி வலது காதுக்குக் கொண்டுபோனார். ஒலி எல்லாத் திசையிலும் ஒரேபோலப் பரவும், அப்படி மாற்றி மாற்றிப் பார்க்கத் தேவையில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

மூன்றாவது, உள்ளங்கை அளவுப் பெட்டி. அதனுடன் ஒற்றைக் காதுக்கான இயர்போன் இருந்தது. கடைக்காரர் அதை நைனாவின் இடது காதில் செருகப் போனார். நைனா அவருடைய கையிலிருந்து வாங்கி வலது காதில் வைத்துக்கொண்டார். அசையாமல் நின்றார். வலை கனக்கிறதா என்று கயிற்றைப் பிடித்துப் பார்க்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"இதான்," என்றார்.

"இன்னா மச்சான் நீ! ஒருத்தரு கேக்கறதுக்கு ஒரு பொட்டியா? நாலு பேரு கேக்க வேணாமா?"

"நான் கேட்டுச் சொல்றேன் நாலு பேருக்கு."

என்னுடைய நான்கு தேவைகளுக்கும் பொருந்திய பெட்டி அது. என் வாதம் வென்றதாகவே முடிவு செய்தேன்.

திரும்பும் ரயிலில் மாமா தூங்கிவிட்டார். நைனாவுக்கு இடப்பக்கம் நான் உட்கார்ந்தேன். வெற்றி தந்த துணிவில், நெடுநாளாகச் சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னேன். பத்தாவதோடு நிறுத்தமாட்டேன், மேலே படிக்கப்போகிறேன், வலைக்கு வரமாட்டேன் என்றேன். வீட்டுக்கு ஒரே மகன் நான். எங்கள் குப்பத்தில் அப்படிச் சொன்னவர் எவரும் இல்லை. நைனா முன்னிருந்த பலகையைப் பார்த்தபடி மெல்லத் தலையசைத்தார். இன்னும் சொன்னேன். இன்னும் தலையசைத்தார். இவ்வளவு எளிதில் கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

எங்கள் பாடு வந்த நாளன்று நைனா கரையில் நின்று இயர்போனைச் செருகிக்கொண்டு செய்தி கேட்டார். "காத்து இல்ல. போலாம்," என்றார். அண்ணன் தானும் கேட்டுப் பார்க்கக் கை நீட்டினார். நைனா பெட்டியை மடியில் கட்டிக்கொண்டார். கோல் அவரிடமே இருந்தது. அன்று புதிதாக ஒரு கட்டளையும் போட்டார்: வலை விட்டபின் யாரும் குரல் கொடுக்கக்கூடாது, சொல்ல வேண்டியதைப் படகுப் பலகையில் தட்டிச் சொல்ல வேண்டும். ஒரு தட்டு இழு, இரண்டு தட்டு நிறுத்து. சத்தத்துக்கு மீன் கலையும் என்று காரணம் சொன்னார். அன்று மீன் நன்றாகவே விழுந்தது. சில மாதங்களில் மற்றப் படகுகளும் தட்டத் தொடங்கின. இன்றும் தட்டுகிறார்கள்.

பத்தாவது முடிந்ததும் மேல்நிலைப் பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துக்காக அவரிடம் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடா இது?"

"மேல படிக்கறதுக்கு. அன்னிக்கு ரயில்ல சரின்னியே நைனா."

ஊசி நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு ஏரியைப் பார்த்தார்.

"சொன்னேனா?"

"தலைய ஆட்டினியே."

"அப்ப சரிதான்," என்று கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்திலிருந்து தொடங்கி நான் படித்தவையும் வகித்த பதவிகளும் இங்கே தேவையில்லை.

சென்ற மார்கழியில் அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். இடது காது இளம் வயதிலேயே முற்றிலும் போயிருக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினார். அம்மா வியப்படையவில்லை.

"நீ வவுத்துல இருக்கசொல்லோ அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு, அப்ப போன காது. எங்க தம்பிகிட்டகூட நான் சொல்லல. சொன்னா கோல புடுங்கிக்குவானுங்க."

அதே வாரத்தில் நைனா இறந்தார்.

அந்தக் கடையில் அவர் சோதித்தது பெட்டிகளை அல்ல, தம் காதை என்பது இப்போது தெரிகிறது. இரைச்சலில் என் உதடுகளை மட்டும் பார்த்து, தமக்குத் தெரிந்த 'பாடு' எதுவோ அதற்கு விடை சொன்னார். ரயிலில் நான் பேசியது அவருடைய இடப்பக்கத்தில். ஒரு சொல்லும் அவரை எட்டியிருக்காது. கேட்காத ஒன்றுக்குத் தலையசைத்தவர், சில ஆண்டுகள் கழித்து அதைத் தம் வாக்காக ஏற்று நிறைவேற்றினார். கேட்கவில்லை என்று சொன்னால் காது வெளிப்பட்டுவிடும் என்பதாலா, மகன் படிக்கட்டும் என்பதாலா? இரண்டுமே இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

செய்யாமல் நிற்பவை:

பெட்டிக்குள் கசிந்து உறைந்திருக்கும் பேட்டரிக் கட்டைகளை எடுத்துத் துடைப்பது.

பலகையில் தட்டும் வழக்கம் எதனால் வந்தது என்று அண்ணனிடம் சொல்லலாமா என்பதை முடிவு செய்வது.

ரயிலில் சொன்னதை, அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்து, ஒருமுறை சொல்வது.