சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவர்

எழுபது வயதில் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குப் போகிற யோகம் தணிகாசலத்துக்கு வாய்த்தது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் வெங்கடேசனுக்கு அம்பத்தூரில் கம்பெனி வேலை. பொங்கலுக்கு வந்தால் உண்டு. ஒரகடத்துக்கு மேற்கே இருந்த அந்த ஊரில், முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் பள்ளிக்கூடத்திலேயே மத்தியானச் சோறு. பிள்ளைகள் எழுந்த பிறகு இவர்கள் உட்காரலாம்.

இவர்கள் என்றால் இரண்டே பேர். தணிகாசலம், அப்புறம் காலனியிலிருந்து வரும் ராஜம்மா.

மனுஷர் வீறாப்பை விடுவாரா? ஒரு காலத்தில் நாலு ஏக்கர் உழுதவராயிற்றே! ராஜம்மாவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார். அந்த அம்மாள் கழுத்துச் சிலுவையைத் தொட்டு ஜெபம் சொல்லிவிட்டு, "இன்னா நாய்க்கரே, சாம்பார்ல உப்பு கம்மியா கீது இல்ல?" என்று கேட்பார். பதில் கிடையாது. மறுநாளும் அதே கேள்விதான். எட்டு மாதம் இப்படியே ஓடிற்று. அந்த ஒரு கேள்வியை விட்டால் நாள் முழுக்கத் தன்னிடம் பேச ஆளே இல்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடியில், ஒரு திங்கட்கிழமை ராஜம்மா வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை அமைப்பாளர் கலைமணி நோட்டை விரித்தாள்.

"மூணு நாளா ராஜம்மாவக் காணோம். பேர அடிச்சிடப் போறேன் தாத்தா."

"ஐயோ, அடிக்காதம்மா! அதுக்கு ஒடம்பு சரியில்ல. சோத்தக் குடு, நான் எடுத்துகினு போய்க் குடுக்கறேன்."

அண்டப்புளுகு! ராஜம்மா எந்தத் தெருவில் இருக்கிறார் என்றுகூட அவருக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து காலனிக்குள் கால் வைத்ததில்லை. தூக்குவாளியோடு அவர் நுழைந்ததைப் பார்த்துக் குழாயடியில் பெண்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு குடிசையைக் காட்டினார்கள். அது பூட்டிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு எழிலரசி எட்டிப் பார்த்தாள். "ராஜம்மா பெரிம்மாவா? ஞாயித்துக்கெழம பொண்ணு வந்து கோலாருக்கு இட்டுகினு பூட்ச்சே. இனிமே வராது." வாளியைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். "நீங்கதானா அந்த நாய்க்கரு?"

"எந்த நாய்க்கரு?"

"பொண்ணு முன்னாடியே ரெண்டு வாட்டி வந்து கூப்ட்டுச்சு. 'நான் இன்னா தனியாவா கீறேன்? தெனம் நாய்க்கரோட ஒக்காந்து சாப்புடுறேனே'ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுச்சு. இந்த வாட்டி ஒண்ணியும் சொல்லாம கெளம்பிடுச்சு."

தணிகாசலம் திரும்பிப் போகவில்லை. பூட்டிய கதவுக்கு எதிரே, எல்லாரும் பார்க்க, தரையில் உட்கார்ந்தார். வாளியைத் திறந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"ஆமா, உப்பு கம்மியாத்தான் கீது," என்றார் கதவைப் பார்த்து.