பூவரசங்கதவில் அம்மா விட்டுவைத்த விரிசல்

அம்மா பாபநாசம் பக்கத்தில் ஒரு குடிசையில் பிறந்து, நடவுக்கும் அறுப்புக்கும் போய் வளர்ந்தார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. பிடிவாதத்துக்கு மட்டும் குறைவில்லை. அதனிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சொந்தங்கள் பலர் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

கூலிப் போராட்டத்தில் அப்பா ஜெயிலுக்குப் போயிருந்த வருடம் எங்கள் குடியிருப்பு மனைக்குப் பட்டா வந்தது. அதுவரை தெரு முழுக்கக் கீற்றுத் தட்டிதான். பலகைக் கதவு வைத்தால் பண்ணை ஏஜெண்டு வந்து பிடுங்கச் சொல்வார்.

"இப்ப மனை நம்ம பேர்ல. உங்க அப்பா கதவைத் தெறந்துதான் உள்ள வரணும்" என்றார்கள் அம்மா.

புயலில் சாய்ந்த எங்கள் பூவரசை அறுத்துப் பலகையாக்கினோம். அம்மாவுக்குத் தெரிந்தது நெல் காயவைக்கும் முறைதான். பச்சைப் பலகையைச் சித்திரை வெயிலில் பரப்பி, வேளைக்கு ஒருதரம் புரட்டிவிட்டார்கள். ஐந்தாம் நாள் எல்லாம் வெடித்துக் கிடந்தது. ஏஜெண்டு சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்.

"பலகையையும் காயப்போட்டு அரைக்கப் போறியா? பேசாம தட்டியையே கட்டு, போ."

அம்மா ஆசாரியிடம் ஓடினார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கும் பண்ணையிலதாம்மா வேலை. வந்தா பொழைப்பு போயிடும். செய்யுற விதத்தச் சொல்றேன். பெரிய வெடிப்புல மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் கொழச்சு அடைங்க. ஓடுற விரிசலுக்கு நுனியில ஒரு தொளை போடுங்க, அதுக்கு மேல ஓடாது. பின்னால குறுக்குச் சட்டம் அடிங்க. இனிமே நெழல்ல காயட்டும்."

மற்ற வெடிப்புகளை அவர் சொன்னபடி அடைத்தார்கள். நடுப்பலகை விரிசல் மட்டும் வம்பு பண்ணியது. அதில் ஒரு மரச் சிராயை வைத்து அடித்தார்கள். இன்னும் ஒரு சாண் ஓடிவிட்டது. உளியை வீசிவிட்டு அழுதார்கள். அடேயப்பா, அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

இரண்டு நாள் கோடை மழை பெய்தது. நனைந்த நடுப்பலகையில் விரிசல் தானாக மூடியிருந்தது. வெயில் ஏறிய பின் மறுபடி திறந்துகொண்டது. அம்மா சிராயின் மிச்சத்தைப் பிடுங்கி எறிந்தார்கள்.

"மழைக்கு மூடும், வெயிலுக்குத் தெறக்கும். இத அடைச்சாத்தான் தப்பு."

நுனியில் துளை போட்டு, சட்டம் அடித்து, அப்படியே கதவை மாட்டினார்கள். ஆடியில் அப்பா வந்தார்கள். கதவு திறந்திருந்தும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ஏஜெண்டு அதற்குப் பிறகு எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தவே இல்லை.

அந்தக் கதவுக்குள்தான் நாங்கள் படித்தோம். மாடி வீடு கட்டியபோது இரும்புக் கதவு என்று வாய் திறந்த என் தம்பி பட்ட பாடு ஊருக்கே தெரியும். பூவரசங்கதவுதான் அங்கேயும் ஏறியது.

கடைசி நாட்களில் அம்மாவின் கட்டில் கதவைப் பார்த்தபடி கிடந்தது. விரிசலைக் காட்டித் தினமும் ஒரே கேள்வி. "கோடு மூடிடுச்சாடி?"

மழை வராத புரட்டாசி அது. "மூடிடுச்சும்மா" என்றேன்.

"பொய் சொல்லாதடி. வெளிச்சம் தெரியுது."

மழைக்கு நான்கு நாள் முன்பு போய்விட்டார்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், சோறாக்கிப் போட்ட தெருவாருக்கும், பாடை தூக்கத் தோள் கொடுத்த ஆசாரி வீட்டுப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

இந்த வருடம் மழை முந்திக்கொண்டது. இதை எழுதும்போதே எழுந்துபோய் நடுப்பலகையை விரலால் தடவிப் பார்த்தேன்.

மூடிடுச்சும்மா. இந்தத் தடவை பொய் இல்லை.