கழுவெளித் திட்டில் ஒரு மொழிபெயர்ப்பு

எண்பதுகளில் நான் திண்டிவனத்தில் இங்கிலீஷ் வாத்தியார். பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்காணம் பக்கத்துக் கழுவெளி ஏரிக்குப் போவேன். தண்ணீருக்கு நடுவே ஒரு சின்னத் திட்டு. பறவை பார்க்க வருகிறவர்கள் அதில் இறங்கி, அங்கிருந்துதான் வேறு படகில் உள்ளே போக வேண்டும். குயிலாப்பாளையம் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஆட்களை அழைத்து வருவார். அவர் பேச்சைப் படகுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. எனக்குப் பறவைகள் மேல் அப்படியொன்றும் பிரியம் கிடையாது. இங்கிலீஷ் பேச ஆள் கிடைத்ததே என்று போனேன்.

ஒரு வருடம், நிரந்தரமாக ஒரு படகுக்காரர் வேண்டும் என்றார் வெள்ளைக்காரர். திட்டிலேயே குடிசை போட்டிருந்தவரைச் சிபாரிசு செய்தேன். மூன்று பெண்களைப் பெற்றவர். மீன் படாத மாதங்களில் அந்த வேலை கிடைத்தால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும்.

வெள்ளைக்காரர் தூரத்துக் கூட்டத்தைக் காட்டி, "இதெல்லாம் இவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாம என்னா சார்? அது கிளுவை, வாத்து ஜாதி. கறி வெண்ணெயாட்டம் இருக்கும். கூழைக்கடா வேணாம், ஒரே கவிச்சி" என்றார் படகுக்காரர்.

அட கடவுளே! "எல்லாம் தெரியுமாம், பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வாராம்" என்று இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

படகுக்காரர் கை கொடுக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கறின்னு சொன்னா அவரு சிரிப்பாரா சார்? நீங்க வேற என்னாத்தயோ சொல்லிட்டீங்க."

மழுப்பிப் பார்த்தேன்.

"நீங்க பஸ் ஏறிக்கினு போய்டுவீங்க. அந்தப் பொய்ய வச்சிக்கினு தெனம் அவரு எதிர்ல படகு தள்றது நானு. போய் உள்ளத சொல்லுங்க."

சொன்னேன். இனியும் சாப்பிடுவாரா என்று வெள்ளைக்காரர் கேட்டார்.

"மீனு பட்டா மாட்டேன்" என்றார் இவர். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு அந்த வேலை அக்கரை ஆள் ஒருவருக்குப் போனது. பறவையைத் தொட்டதே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். கிளுவை பிடிக்கிற வலை அவர் வீட்டுக் கூரையில் செருகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இருந்தும் அவர் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் இங்கிலீஷில் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.